ஒரே லிஃப்டில் மூன்று பேர்

மார்ச் 4

அண்ணிக்கு,

நலம். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எட்டு மாதம் கழித்து எழுதும் கடிதத்தை இப்படி ஆரம்பிப்பது எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. போன் செய்திருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் நான் குறுக்கே விழுவேன், நீங்கள் பட்டென்று வைத்துவிடுவீர்கள். போன ஜூலையில் உங்கள் ஆங்கில வகுப்பில் நடந்ததே நம் இருவருக்கும் போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலப் பேச்சுத் தேர்வு மையத்தில் நான் மார்க் போடுகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். தேர்வுக்கு வருகிறவர் வேறோர் அறையில் ஓர் அதிகாரியிடம் இரண்டு நிமிடம் பேசுவார். அந்த ஒலிப்பதிவு வெறும் எண்ணோடு என்னிடம் வரும். பெயர் இருக்காது, ஊர் இருக்காது, முகமும் தெரியாது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டு மார்க் போடுவேன்.

போன வியாழக்கிழமை வந்த பதிவுகளில் கேள்வி இது: நீங்கள் காத்திருக்க நேர்ந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள். முதலில் ஒருவர், நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன லிஃப்டைப் பற்றிச் சொன்னார். அதை ரிப்பேர் செய்யப் போனவர் தான்தான் என்றார். நன்றாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து ஒரு பெண் குரல். அதே லிஃப்ட், அதே நான்கு, அதே ஐந்து. உள்ளே மாட்டிக்கொண்டது தான்தான் என்றார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் மூன்றாவதாக ஓர் ஆள், வெளியே நின்ற வாட்ச்மேன் நான்தான் என்கிறார்.

மூன்று பேர் தாளிலும் 'மனப்பாடம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அப்படிப் போட்டால் முடிவை நிறுத்திவைத்து விசாரிப்பார்கள். தாள்களை அனுப்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. வார்த்தை கிடைக்காமல் தடுமாறிய இடத்தில் மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்கள்: "ஒன் மொமென்ட், ஐ ஆம் வித் யூ." பதினோரு வருடம் ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்த நீங்கள், வீட்டில் யாராவது கதவைத் தட்டினால்கூட அதைத்தான் சொல்வீர்கள். வேறு யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இவர்கள் என் அண்ணியின் மாணவர்களாக இருக்கலாம் என்று தலைமைத் தேர்வாளரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். முடிவை அவர்தான் எடுப்பார். ஆனால் டிக் போட்டது நான் என்பதால் இருபதாம் தேதிக்குள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும். உங்களை விசாரித்து எழுத அவர் சம்மதித்தார். ஆகவே கேட்கிறேன். அந்தக் கதையை நீங்கள் அவர்களுக்கு மனப்பாடம் செய்து கொடுத்தீர்களா? ஆமாம் என்றால் சொல்லிவிடுங்கள். கடுமையாக எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


மார்ச் 8

வாத்தியாரம்மாவுக்கு,

எட்டு வயதில் வீட்டுக்கு வந்த விருந்தாளியின் உச்சரிப்பைத் திருத்தினாயாம், அன்றிலிருந்து உனக்கு இந்தப் பெயர்தானாம். நான் மட்டும் எதற்கு மாற்றவேண்டும்?

உன் கடிதத்தை உன் அண்ணன்தான் வாசித்துக் காட்டினார். 'கடுமையாக எழுத மாட்டேன்' என்ற இடம் வந்ததும் குரலை இறக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். பேனா எங்கே என்று மட்டும் கேட்டேன்.

மனப்பாடம் செய்து கொடுத்தேனா என்று கேட்கிறாய். என் வகுப்பு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே காற்றடிக்க ஆரம்பித்தால் நான் பேசுவது எனக்கே கேட்காது. பதினெட்டு பேரும் வேலை முடித்துக் களைத்து வருகிறவர்கள். அவர்களிடம் போய் ஒப்பிக்கச் சொன்னால் எழுந்து போய்விடுவார்கள்.

அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். நீதான் ஜூலையில் வந்த அன்றைக்கு இருபது நிமிடம்கூட இருக்கவில்லையே. ஒவ்வொருவரும் தனக்கு நடந்த ஒன்றைப் பக்கத்து ஆளிடம் நான்கு நிமிடம் சொல்லவேண்டும். நான் மணி அடிப்பேன். ஹோட்டல் வேலையை விட்டபோது வரவேற்பு மேசை மணியைக் கையில் கொடுத்தார்களே, அதுதான். உடனே எழுந்து வேறோர் ஆளிடம் போய் அதே கதையை மூன்று நிமிடத்தில் சொல்லவேண்டும். பிறகு இன்னொருவரிடம் இரண்டு நிமிடத்தில். முதல் தடவை திக்கி, இழுத்து, பாதியைக் கையாலேயே சொன்னவர் மூன்றாவது தடவை கடகடவென்று போவார். பார்க்கப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை. கேட்கிறவருக்கு ஒரே வேலை, வாயை மூடிக்கொண்டு கேட்பது. யாரும் யாரையும் திருத்தக் கூடாது, நான் உட்பட. மறுநாள் கதையை மாற்றிக்கொள்வோம். ஒருவர் கதைக்குள் இன்னொருவர் புகுந்து, அதில் யாராவது ஓர் ஆளாக நின்று 'நான்' என்று சொல்லவேண்டும்.

லிஃப்ட் கதை எங்கள் வகுப்பில் இருக்கும் ஒரு லிஃப்ட் மெக்கானிக்குக்கு உண்மையாகவே நடந்தது. அதற்கு இருக்கிற கிராக்கி வேறெந்தக் கதைக்கும் இல்லை. பதினெட்டு பேரும் அதில் ஏறி இறங்கியாயிற்று. ஒருவர் லிஃப்டாகவே நின்று பேசினார். தையல் கடைக்காரிக்கு உள்ளே மாட்டிய அம்மாளைத்தான் பிடிக்கும். பார்சல் வண்டி ஓட்டுகிறவருக்கு வாட்ச்மேன். தேர்வுக்குக் கிளம்பியபோது, "எது முதல்ல வாயில வருதோ அதையே சொல்லுங்க, யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க" என்றேன். மூன்று பேரும் ஒரே நாளில் ஒரே லிஃப்டில் ஏறித் தொலைப்பார்கள் என்று நான் கண்டேனா? அது என் தப்பு. உன் விளக்கத்தில் தாராளமாக எழுது. மனப்பாடம் என்று மட்டும் எழுதாதே, அது பொய்.

இன்னொன்றும் உனக்குத் தெரியவேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்கு அந்த மெக்கானிக்கை அவர் கம்பெனி தேர்ந்தெடுத்திருக்கிறது. பல நாட்டு ஆட்கள் வருவதால் ஆங்கிலத்தில்தான் சொல்லித்தரவேண்டும். இந்தத் தேர்வில் ஏற்கெனவே இரண்டு தடவை தோற்றுவிட்டார். இதோடு சரி என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் சான்றிதழைக் கொடுக்காவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

நான் சலுகை கேட்கவில்லை. இன்னொரு தடவை கேள், அவ்வளவுதான். கடைசி வரைக்கும் கேள்.

அண்ணி


மார்ச் 12

அன்புள்ள அண்ணி,

முதலில் சண்டையை முடித்துவிடுகிறேன். திருத்தாமல் விட்டால் தப்பு வாயிலேயே குடியேறிவிடும், பிறகு யார் வந்தும் கிளப்ப முடியாது. பதினாறு வருடமாகக் கல்லூரியில் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். இதை இப்போதும் நம்புகிறேன். பிறகு, அடுத்தவர் அனுபவத்தைத் தன்னுடையது என்று ஒரு தேர்வில் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. பரீட்சிப்பது பேச்சைத்தான், வாழ்க்கையை அல்ல என்று தலைமைத் தேர்வாளரே சொல்லிவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன்.

நேற்று மாலை மூன்று பதிவுகளையும் திரும்பக் கேட்டேன். ஒரு பெரிய தாளில் மூன்று பத்தி பிரித்து, மூன்று பேர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். ஒரே மாதிரியான வாக்கியங்களுக்கு அடிக்கோடு போடலாம் என்று சிவப்புப் பேனாவும் கையில் இருந்தது. உங்கள் டெலிபோன் வாக்கியத்தைத் தவிர அடிக்கோடு போட எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

தையல் கடைக்காரி லிஃப்டுக்குள் இருந்த கண்ணாடியில் தன் பயந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பி நின்றாராம். வண்டிக்காரர், தனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை என்பது யாருக்கும் தெரியாமலிருக்க மாடிப்படியில் வேகமாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தாராம். மெக்கானிக் பேசியதைத்தான் நான் மூன்று தடவை கேட்டேன். மேலே மோட்டார் அறையில் இன்னொருவர் கையால் சுற்றித்தான் லிஃப்டை இறக்கவேண்டுமாம். அவர் வந்து சேர நாற்பது நிமிடம். உள்ளே அந்த அம்மாள் மூச்சுத் திணறுகிறார். இவர் மொழி அவருக்குத் தெரியாது. தனக்குத் தெரிந்த கொஞ்ச ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, கதவிடுக்கில் வாயை வைத்து, தன் மகள் ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாக ஒரு ஷூவைத் தூக்கி எறிந்த நாளைப் பற்றி இவர் சொல்ல ஆரம்பிக்கிறார். நிறுத்தினால் அந்த அம்மாள் அழுகிறார், அதனால் நிறுத்தாமல் சொல்கிறார். முதல் தடவை கேட்டபோது பதினொரு தப்பு எண்ணினேன். இரண்டாவது தடவை எண்ண மறந்துவிட்டேன், அண்ணி.

இப்போது சொல்லப்போவதை எழுதக் கை வரவில்லை. இரண்டு நிமிட மணிக்குப் பிறகு அதிகாரி ஒரு கேள்வி கேட்பார். பேச்சு சொந்தமா, ஒப்பிப்பா என்று கண்டுபிடிக்கத்தான் அந்தக் கேள்வியே. மூன்று பேருக்கும் 'மனப்பாடம்' என்று டிக் போட்டபோது நான் அந்தப் பகுதியைக் கேட்கவில்லை. கதை ஒன்றுதான் என்று தெரிந்ததும் பதிவை நிறுத்திவிட்டேன். முதலில் எல்லாருடைய இரண்டு நிமிடப் பேச்சையும் கேட்டுவிட்டு, பிறகுதான் கேள்விகளுக்கு வருவது என் வழக்கம்; அதனால் முதலாமவருடையதையும் முடிவு வரை கேட்டிருக்கவில்லை.

நேற்றுதான் கேட்டேன். அந்த நேரத்தில் உங்கள் கையில் என்ன இருந்தது என்று அதிகாரி கேட்கிறார். மெக்கானிக் சொல்கிறார்: டார்ச் இருந்தது, ஆனால் அணைத்துவிட்டேன், வெளிச்சம் இடுக்கு வழியாக அவர் கண்ணில் அடித்தது. தையல் கடைக்காரி சொல்கிறார்: கைப்பை. அதன் பிடியில் தையல் விட்டிருந்தது, வீட்டுக்குப் போனால் எந்த நூலால் தைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வண்டிக்காரர் சொல்கிறார்: ஒரு நாற்காலி. எதற்கு எடுத்துவந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அறையில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். என் கல்லூரி மாணவிகளில் ஒருத்திகூட இப்படி உடனுக்குடன் பதில் சொல்ல மாட்டாள். அவர்களுக்குத் தப்பில்லாமல் பேச வரும், அதனாலேயே வாயைத் திறக்க மாட்டார்கள்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். மூன்று பேரையும் மணி நடுவிலேயே நிறுத்திவிட்டது. கதவு திறந்தபோது என்ன நடந்தது?

வாத்தியாரம்மா


மார்ச் 16

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

நீயே அந்தப் பெயரில் கையெழுத்துப் போட்டிருப்பதைப் பார்த்து உன் அண்ணன் தேதியைக் குறித்துவைத்துக்கொண்டார்.

உன்னிடம் ஒன்றை மறைத்தேன். முன்பே சொல்லியிருந்தால் இரக்கப்பட்டுக் கேட்டிருப்பாய், அது எனக்கு வேண்டாம். போன ஜூலையில் இரண்டாவது வரிசையில், ஜன்னல் பக்கம், நீலச் சட்டை போட்ட ஒருவர் எழுந்து பேச ஆரம்பித்தாரே, நினைவிருக்கிறதா? முதல் வாக்கியத்தில் ஒரு தடவை திருத்தினாய். இரண்டாவதில் இரண்டு தடவை. மூன்றாவது வாக்கியம் வரவே இல்லை. மன்னிப்புக் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர்தான் இந்த மெக்கானிக். அன்றைக்குச் சொல்ல வந்ததும் இதே கதைதான். அவர் லிஃப்ட் வரைக்கும் போய்ச் சேரவே நீ விடவில்லை.

அதன் பிறகு ஆறு வாரம் அவர் வரவில்லை. நான் அவர் வேலை செய்கிற கட்டடத்துக்கே போனேன். அடித்தளத்தில், கையெல்லாம் கிரீஸோடு நின்றார். "நாப்பது நிமிஷம் ஒருத்தங்களுக்கு தைரியம் சொன்ன இங்கிலீஷ், போதும்னு நெனச்சிருந்தேங்க. அது இங்கிலீஷே இல்லைன்னு அன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இல்லாததே நல்லதாகப் போயிற்று. மறுபடி அவரை வகுப்புக்கு வரவைக்க நான்கு தடவை போகவேண்டியிருந்தது.

ஆனால் என் பக்கமும் உண்டு. யாரையும் நடுவில் நிறுத்தக் கூடாது என்று விதி வைத்திருக்கிறவள் நான். அன்றைக்கு நீ ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "நீ முதல்ல வெளிய போ" என்றேன், பதினெட்டு பேருக்கு முன்னால். நீ மறுநாள் காலையில் சாப்பிடாமல் பஸ் ஏறினாய். அதை நினைத்தால் எனக்கு இன்னும் கூசுகிறது.

பதினொரு தப்பு என்று எழுதியிருந்தாய். நானாக இருந்தால் நான்குதான் பிடித்திருப்பேன். மீதி ஏழு எனக்கே தெரியாது. நான் கல்லூரிப் படி ஏறாதவள். போனில் பேசிப் பேசி வந்த ஆங்கிலம் இது. அவர்களைப் பேசவைக்க எனக்குத் தெரியும், அதற்கு மேல் கொண்டுபோக உன்னை மாதிரி ஆள் வேண்டும். இதை நான் உன்னிடம் நேரில் சொல்லியிருக்க மாட்டேன்.

கதவு திறந்தபோது என்ன நடந்தது என்பதை நான் சொல்வதாக இல்லை. கதை அவருடையது.

அண்ணி


மார்ச் 19

அண்ணி,

விளக்கத்தை இன்று காலை கொடுத்துவிட்டேன். டிக் போட்டது தவறு, பதிவை முழுதாகக் கேட்காமல் போட்டேன், மூன்று பேரின் பேச்சும் அவரவர் சொந்தப் பேச்சு என்று எழுதினேன். அந்த மூவரில் ஒருவரை முன்பு ஒரு வகுப்பில் நான் பேசவிடாமல் செய்தேன் என்பதையும் எழுதினேன். தலைமைத் தேர்வாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இதை மட்டும் வைத்து முடிவெடுக்க மாட்டாராம். அவரே மூன்று பேரையும் சொல்லாமல் கொள்ளாமல் போனில் கூப்பிட்டுப் பேசப்போகிறாராம். கேள்வி என்ன என்று எனக்கும் தெரியாது. தேதி நெருங்குகிறது என்பது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. மெக்கானிக்குக்கு அந்தப் பயிற்சி வேலை கைநழுவினால் அது என்னால்தான்.

நீலச் சட்டை எனக்கு நினைவில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருக்கிறது. அவருடைய தப்புகள் மூன்றும் நினைவிருக்கின்றன.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன், அண்ணனிடம் சொல்லாதீர்கள். கருத்தரங்குகளில் என் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் எழுதி எடுத்துப் போவேன். தாளைத் தொலைத்துவிட்டால் எனக்குப் பேச வராது. யாரோ பின்வரிசையில் உட்கார்ந்து எண்ணுகிறார்கள் என்றே இருக்கும். உங்கள் ஆட்கள் மூன்று பேரும் தாள் இல்லாமல் பேசினார்கள். நான் அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்.

வாத்தியாரம்மா


மார்ச் 30

என் அன்பான வாத்தியாரம்மாவுக்கு,

மூன்று பேரும் தேறிவிட்டார்கள். இதை முதல் வரியில் எழுதவேண்டும் என்று உன் அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார்.

உங்கள் தலைமைத் தேர்வாளர் மெக்கானிக்கைக் கூப்பிட்டது காலை பதினோரு மணிக்கு. அவர் அப்போது லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று கயிற்றைச் சோதித்துக்கொண்டிருந்தாராம். போனை எடுத்தார், யார் என்று தெரிந்ததும், "ஒன் மொமென்ட், ஐ ஆம் வித் யூ" என்று சொல்லிவிட்டுப் பத்திரமாக இறங்கி வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து பேசினார். லிஃப்ட் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று கேட்டாராம் உங்கள் ஆள். இவருக்குச் சொல்லவா வேண்டும்? பதினெட்டு நிமிடம். கடைசியில் உங்கள் ஆளே, நான் இனிமேல் பயப்படாமல் லிஃப்டில் போவேன் என்றாராம்.

சான்றிதழ் இருபத்தெட்டாம் தேதி வந்தது. அன்றைக்கே கம்பெனியில் கொடுத்துவிட்டார். தையல் கடைக்காரி பாதி நாள் கடையை மூடிவிட்டு வந்து வகுப்பில் உட்கார்ந்து அழுதாள், பிறகு அழுததைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் பேசினாள்.

நீ விளக்கத்தில் எழுதியதை மெக்கானிக்கிடம் சொன்னேன். சொல்லலாமா என்று உன்னைக் கேட்கவில்லை. கடைசி வரை கேட்டார். பிறகு, "அந்த மேடம் ஒரு தடவ வருவாங்களா? அன்னிக்கு பாதியில நின்னுபோச்சு. அவங்ககிட்ட முழுசா சொல்லணும்" என்றார். கோபமா என்று கேட்டேன். "இல்லீங்க, கத நல்லா இருக்கும்" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் வகுப்பு. காலை பஸ்ஸில் ஏறினால் சரியாக இருக்கும். சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்பப் போகவேண்டும், சொல்லிவிட்டேன்.

அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்ததைப் பஸ்ஸிலேயே காலி செய்துவிட்டேன்.

நேரில் இருந்த உங்களுக்கே இதை எழுதுவது வேடிக்கைதான். ஆனால் அன்றைக்கு நான் உங்களிடம் ஒன்றுமே பேசவில்லை. பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

மெக்கானிக் நான்கு நிமிடக் கதையை வண்டிக்காரரிடமும் மூன்று நிமிடக் கதையைத் தையல் கடைக்காரியிடமும் சொல்லிவிட்டு, இரண்டு நிமிடக் கதைக்கு என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது நான் பேனாவைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். கீழே டயருக்குக் காற்றடிக்கிற சத்தம். அவர் குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார், அவ்வளவுதான். கதவிடுக்கு, இருட்டு, அந்த அம்மாளின் மூச்சு, ஓடுகிற பஸ், ஜன்னல், ஷூ. மகளின் ஒரு கால் ஷூ இல்லாமல் ஆடுகிறது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இவர் இறங்குகிறார், வந்த வழியே சாலையோரம் குனிந்து தேடிக்கொண்டு நடக்கிறார். அந்த இடத்தில் லிஃப்ட் ஒரு குலுங்கு குலுங்கி இறங்குகிறது, கதவு திறக்கிறது. நீங்கள் மணி அடித்தீர்கள். அவர் டக்கென்று நிறுத்திவிட்டார்.

வாயைத் திறப்பதில்லை என்று முடிவுகட்டிக்கொண்டு வந்தவள் நான். என்னையும் மீறித்தான் அது வந்தது, "அண்ட் தென்?"

வகுப்பே சிரித்தது. வண்டிக்காரர் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எதையோ தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அப்போதுதான் அவர் என் பக்கம் குனிந்து சொன்னார்: "கதவு திறந்ததும் அந்தம்மா ஓடல மேடம். பையப் புடிச்சுக்கிட்டு என் முன்னாலயே நின்னாங்க. நீங்க இப்ப கேட்டீங்களே, அதேதான் கேட்டாங்க."

பிறகு நீங்கள் அந்த மணியை எடுத்து அலமாரிக்குள் வைத்ததை நான் பார்த்தேன். அவர் மீதியைச் சொல்லி முடிக்க இன்னும் ஆறு நிமிடம் ஆயிற்று.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை வருகிறேன். அந்த ஏழு தப்புகளையும் கொண்டுவருகிறேன், எல்லாரும் பேசி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது கதை மாற்றுகிற நாளாக இருந்தால் எனக்கு அந்த மகளைக் கொடுங்கள். ஷூவை எறிந்தது நான்தான் என்று தாளில்லாமல் சொல்லிப் பார்க்கவேண்டும்.

உங்கள்
வாத்தியாரம்மா